பிப்ரவரி 29 இருக்கா பாஸ்?

ஸ்டாம்ப் சேர்க்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. பழைய காசு சேர்க்கிறவங்க, தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவங்க, ஏன்... அரியர் சேர்க்கிறவங்களைக்கூடப் பார்த்திருப்பீங்க (நம்ம கிளாஸ்லயே பத்துப் பேர் தேறுவாங்க!). தேதி சேர்க்கிறவங்களைப் பார்த்திருக்கீங்களா?

ஆமா பாஸ், தேதியேதான்! ஒரு பெரிய ஆல்பம். அதுல ஜனவரி 1-ல் ஆரம்பிச்சு டிசம்பர் 31 வரைக்கும் 366 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தேதி போட்ட தபால் முத்திரையோட ஒரு பழைய கவரோ, கார்டோ, இன்லேண்ட் லெட்டரோ இருக்கணும். வருஷம் எதுவா வேணும்னாலும் இருக்கலாம், ஊரும் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். தேதி மட்டும் பொருந்தணும். கேட்க ஈஸியா இருக்குல்ல? முதல் இருநூறு கட்டம் மளமளன்னு நிறைஞ்சுடும். அப்புறம்தான் ஆட்டமே ஆரம்பம்!

முத்திரை எதுக்கு வந்துச்சு?

ஸ்டாம்ப்பைவிட முத்திரைக்குத்தான் வயசு அதிகம். உலகத்தின் முதல் ஒட்டும் ஸ்டாம்ப்பான ‘பென்னி பிளாக்’ இங்கிலாந்தில் 1840-ல் வந்தது. அதுக்கு 179 வருஷம் முன்னாடியே, 1661-ல், தேதி போட்ட முத்திரை வந்தாச்சு. கொண்டுவந்தவர் ஹென்றி பிஷப், இங்கிலாந்தின் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். ‘லெட்டர் லேட்டா வருது’ன்னு மக்கள் புகார் மேல புகார் சொல்ல, மனுஷன் ஒரு சின்ன வட்டத்தை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதியில் மாசம், இன்னொரு பாதியில் தேதின்னு குத்த ஆரம்பிச்சார். லெட்டர் ஆபீசுக்கு வந்த நாள் வெளியில தெரிஞ்சுட்டா, கொண்டுபோறவர் அதை வெச்சுக்கிட்டு இழுத்தடிக்க முடியாது இல்லையா? அதான் ஐடியா. லேப் ரெக்கார்டில் தேதி போட்டு சைன் வாங்குறோமே, அதே டெக்னிக்!

இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. அந்த முதல் முத்திரையில் வருஷமே கிடையாது. மாசமும் தேதியும் மட்டும்தான். அதாவது, நம்ம 366 கட்ட ஆல்பத்துக்காகவே அளவெடுத்துத் தைச்ச மாதிரி!

எந்தத் தேதி ரொம்பக் கஷ்டம்?

‘பிப்ரவரி 29’னு சட்டுனு சொல்லியிருப்பீங்க. நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதானே வருது, அதனால கஷ்டம்தான். அதுலயும் 1976, 2004 ரெண்டு வருஷத்திலும் அந்த நாள் ஞாயித்துக்கிழமை! அடுத்து வரப்போற 2028 பிப்ரவரி 29 செவ்வாய்க்கிழமை. இப்பவே குறிச்சு வெச்சுக்கோங்க.

ஆனா, அதைவிட டபாய்க்கிற தேதிகள் மூணு இருக்கு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. வருஷா வருஷம் வருதே, அப்புறம் என்னன்னு கேட்கிறீங்களா? மூணும் தேசிய விடுமுறை நாள். தபால் ஆபீஸ் லீவு. லீவு நாள்ல யாரு முத்திரை குத்துவாங்க?

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முதல் நாள் உறை. புது ஸ்டாம்ப் வெளியிடுற அன்னிக்கே அதை ஒரு ஸ்பெஷல் கவரில் ஒட்டி, ஸ்பெஷல் முத்திரை குத்திக் கொடுப்பாங்க. தேசிய நாட்களில்தான் முக்கியமான ஸ்டாம்ப் பலதும் வந்திருக்கு. 1950 ஜனவரி 26-ல் குடியரசு ஸ்டாம்ப்கள், 1948 ஆகஸ்ட் 15-ல் காந்தி ஸ்டாம்ப்கள், 1969 அக்டோபர் 2-ல் காந்தி நூற்றாண்டு ஸ்டாம்ப்கள். அந்த 1948 ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமில்லை, ஞாயித்துக்கிழமையும்கூட. டபுள் லீவு!

இன்னொண்ணு, ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ். ரயில்வே ஸ்டேஷனை ஒட்டி உட்கார்ந்து ராத்திரி முழுக்க லெட்டர்களை ஊர்வாரியாப் பிரிச்சு அனுப்புறவங்க. ஊர் தபால் ஆபீஸ் மூடின பிறகும் அங்கே வேலை ஓடும். அதனால, பழைய கவர்க் கட்டில் ‘ஆர்.எம்.எஸ்.’னு போட்ட முத்திரை கண்ணில் பட்டா சட்டுனு தள்ளிடாதீங்க. நீங்க தேடுற லீவு நாள் அதுல இருக்கலாம்.

கவரைத் திருப்பிப் பாருங்க

இப்போ நிஜமான மேட்டருக்கு வருவோம். அந்தக் காலத்து லெட்டரில் முத்திரை ரெண்டு. முன்பக்கம் ஸ்டாம்ப் மேல குத்தினது, கிளம்பின ஊர், கிளம்பின தேதி. பின்பக்கம் குத்தினது, போய்ச் சேர்ந்த ஊர், சேர்ந்த தேதி. கழிச்சுப் பார்த்தா அந்த லெட்டர் எத்தனை நாள் பிரயாணம் பண்ணுச்சுன்னு தெரிஞ்சுடும்.

எங்க பாட்டி வீட்டுப் பரணில், ஒரு டிரங்க் பெட்டியில், நூல் போட்டுக் கட்டின லெட்டர்க் கட்டு ஒண்ணு இருக்கு. எல்லாம் தாத்தா பிலாயிலிருந்து மன்னார்குடிக்கு எழுதினது. அவருக்கு அங்கே வேலை. முன்னாடி, பின்னாடி தேதியைக் கழிச்சு வரிசையா எழுதினேன். நாலு நாள், அஞ்சு நாள், நாலு நாள், நாலு நாள்... திடீர்னு ஒண்ணு பதினாறு நாள்! முன்னாடி 9 மே 74. பின்னாடி 25 மே 74.

ஏன்? 1974 மே 8-ம் தேதிதான் நாடு முழுக்க ரயில்வே ஊழியர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினாங்க. மே 27-ல்தான் அது முடிஞ்சது. இந்திய வரலாற்றின் மிகப் பெரிய ஸ்டிரைக்குகளில் ஒண்ணு. தாத்தா லெட்டரைப் பெட்டியில் போட்டது ஸ்டிரைக்கின் ரெண்டாம் நாள். பாடப்புத்தகத்தில் ஒத்தை வரியில் படிச்சுட்டுத் தாண்டிப்போற சமாச்சாரம், எங்க வீட்டு இன்லேண்ட் லெட்டரின் முதுகில் வட்டமா உட்கார்ந்திருக்கு!

கதை இன்னும் முடியலை. பாட்டி அப்போ பிரசவத்துக்கு மன்னார்குடி வந்திருந்தாங்க. பொண்ணு பிறந்தா இந்தப் பேர் வைக்கணும்னு தாத்தா அந்த லெட்டரில்தான் எழுதியிருந்தார். பெரியம்மா மே 14-ல் பிறந்தாங்க. பதினோராம் நாள், மே 24-ல், பேர் வெச்சாச்சு. லெட்டர் வந்தது மறுநாள். ஒரே ஒரு நாள் லேட்! தாத்தா ஆசைப்பட்ட பேர் நாலு வருஷம் காத்திருந்து எங்க அம்மாவுக்கு வந்தது. ‘எனக்கு வெச்ச பேரை நீ எடுத்துக்கிட்டே’ன்னு பெரியம்மா இன்னிக்கும் சண்டை போடுவாங்க. சாட்சி, ரெண்டு முத்திரை.

ஸ்டாம்ப்பை மட்டும் கிழிச்சு எடுத்திருந்தா இந்தக் கதை கிடைச்சிருக்குமா சொல்லுங்க?

துப்பறியும் வேலையும் உண்டு

பழைய கவர் விற்கிறவங்க எல்லாரும் அரிச்சந்திரன் கிடையாது. ஆனா, கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் சரித்திரமும் தெரிஞ்சா நம்மை ஏமாத்த முடியாது.

‘1900 பிப்ரவரி 29’னு ஒரு கவரை நீட்டினா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத வருஷம் லீப் வருஷம் இல்லை. ஃபர்ஸ்ட் செமஸ்டரில் எழுதின சி புரோகிராம் இதுக்காவது உதவட்டும்!

1957 ஏப்ரல் 1-ல்தான் நயா பைசா வந்தது. அதுக்கு முன்னாடி அணா. அப்போ, 1955-ம் வருஷ முத்திரைக்குக் கீழே நயா பைசா ஸ்டாம்ப் இருந்தா எங்கேயோ இடிக்குது.

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதுக்கு முந்தின முத்திரையில் ஆறு இலக்க எண் இருக்காது.

சுதந்திர இந்தியாவின் முதல் ஸ்டாம்ப் வந்தது 1947 நவம்பர் 21. தேசியக்கொடி போட்ட மூன்றரை அணா ஸ்டாம்ப். அதனால், 1947 ஆகஸ்ட் 15 தேதியிட்ட கவரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலைதான் இருக்கும். நாடு சுதந்திரம் வாங்கிடுச்சு, ஸ்டாம்ப்புக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் சுதந்திரம்!

சில தேதிகளுக்கு ஸ்பெஷல் மவுசு

பிப்ரவரி 18: 1911-ல் இதே நாள் அலகாபாத்தில் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் ஏற்றி, யமுனையைத் தாண்டி நைனியில் இறக்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். பைலட்டுக்கு அப்போ வயசு 23!

ஜூலை 1: 1852-ல் ஆசியாவின் முதல் ஸ்டாம்ப்பான ‘சிந்து டாக்’ வந்த நாள். 1879-ல் இந்தியாவில் போஸ்ட்கார்டு வந்ததும் இதே நாள். அப்போ விலை கால் அணா.

அக்டோபர் 9: உலகத் தபால் தினம். 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சர்வதேசத் தபால் ஒன்றியம் உருவான நாள்.

உங்க பிறந்தநாள்: மேலே சொன்ன எல்லாத்தையும்விட முக்கியம். நிறையப் பேர் இதில்தான் ஆரம்பிக்கிறாங்க. அதே நாள், ஆனா வேற வேற வருஷம்னு தனி ஆல்பம் போடுறவங்களும் உண்டு.

எப்படி ஆரம்பிக்கலாம்?

முதல் இடம், உங்க வீட்டுப் பரண். பழைய பேப்பர்காரர் வர்றதுக்குள்ள நீங்க ஏறிடுங்க. அடுத்து சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். ஆனா ஒரு விஷயம். உள்ளே இருக்கிறது அவங்க சொந்தக் கதை. கேட்டுட்டுப் படிங்க. ‘கவர் மட்டும் போதும், லெட்டரை நீங்களே வெச்சுக்கோங்க’ன்னு சொன்னா, சந்தோஷமாவே தூக்கிக் கொடுப்பாங்க.

கிடைச்ச கவரைக் கத்தரிக்காதீங்க. தண்ணியில் ஊறப்போட்டு ஸ்டாம்ப்பை உரிக்காதீங்க. செல்லோ டேப், லேமினேஷன் ரெண்டும் வேண்டவே வேண்டாம். நாளாக ஆக மஞ்சள் பூத்துடும். முத்திரை முழு வட்டமா, ஊர்ப் பேரும் தேதியும் தெளிவாப் படிக்கிற மாதிரி இருந்தா அதுதான் முதல் தரம். குறிப்பு எழுதணும்னா தனித் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதுங்க. ஈரம் படாம, பூச்சி அரிக்காம அப்பப்போ எடுத்துப் பாருங்க. பழைய முத்திரையில் தஞ்சாவூர் ‘டான்ஜோர்’னும், திருச்சி ‘ட்ரிச்சினோபோலி’ன்னும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ன்னும் இருக்கும். குழம்பிடாதீங்க.

சென்னையில் இருந்தா அண்ணா சாலை தலைமைத் தபால் ஆபீஸில் இருக்கிற ஸ்டாம்ப் சேகரிப்பாளர்களுக்கான பிரிவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. மத்த பெரிய ஊர் தலைமைத் தபால் ஆபீஸ்களில் இதுக்குன்னு தனி கவுன்ட்டர் இருக்கான்னு விசாரிங்க. சுற்றுலா ஊர்ப் பக்கம் டூர் போனா, அங்குள்ள தபால் ஆபீஸில் படம் போட்ட நிரந்தர முத்திரை இருக்கான்னு கேளுங்க. இருந்தா, ஸ்டாம்ப் ஒட்டின கார்டைக் கொடுத்துப் பொறுமையாக் கேட்டா அழகாக் குத்திக் கொடுப்பாங்க.

நம்ம வருஷம் எங்கே?

இந்த ஆல்பங்களைப் புரட்டினா ஒரு விஷயம் உறுத்தும். 1960, 70, 80-கள் குவியல் குவியலா இருக்கு. 2000-க்கு மேல வரவர மெலிஞ்சுக்கிட்டே போகுது. வர்ற தபாலும் பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி நோட்டீஸ். நிறையக் கவரில் கை முத்திரையே கிடையாது, அச்சடிச்ச பார்கோடுதான். டென்மார்க்கில் 1624-ல் தொடங்கின தபால் சேவை, 2025 டிசம்பரோட கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திடுச்சு. நாலு நூற்றாண்டுப் பழக்கம், டக்குனு ஸ்விட்ச் ஆஃப்!

மெசேஜில் நாமும் தேதி போடுறோம்தான். நொடி வரைக்கும் இருக்கும். ஆனா போன் மாத்தினா? அக்கவுன்ட் போனா? தாத்தாவின் பதினாறு நாள் தாமதம் அம்பது வருஷம் தாண்டி என் கைக்கு வந்துச்சு. நாம போன மாசம் அனுப்பினது இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யார் கையில் இருக்கும்? அப்போ ஒருத்தர் 366 கட்டத்தோட உட்கார்ந்தா, நம்ம வருஷங்களுக்கான பக்கம் மட்டும் வெள்ளையா இருக்குமோன்னு தோணுது.

சரி, நாம என்ன செய்யலாம்? போஸ்ட்கார்டு இன்னும் அம்பது பைசாதான். லீப் வருஷம் முழுக்க தினம் ஒண்ணு போட்டாலும் 183 ரூபாய். ஒரு தியேட்டர் டிக்கெட் காசு! தினமும் வேண்டாம், வாரம் ஒண்ணு போதும். வேற காலேஜில் சேர்ந்த ஸ்கூல் ஃப்ரெண்டுக்கு, ஊரில் இருக்கிற பாட்டிக்கு, இல்லைன்னா உங்களுக்கே. ‘மெஸ்ஸில் இன்னிக்கும் உப்புமா’ன்னு எழுதினாலும் போதும். தேதியை அவங்க குத்திடுவாங்க.

சாயங்காலம் பெட்டியைத் திறக்கறதுக்குள்ள போடுங்க பாஸ். லேட்டானா நாளைய தேதிதான் விழும்!