கடலும் கரையும்

மதுரை கடற்கரையில் அமைந்த ஊர் அன்று. கடல் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனினும், கடலைப் பற்றிய நினைவு மதுரையின் பழங்கதைகளில் ஆழப் பதிந்துள்ளது. ஒருகால் கடல் பொங்கி மதுரையை நோக்கி வந்தது என்றும், உக்கிரபாண்டியன் வேலெறிந்து அதனை வற்றச் செய்தான் என்றும் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. முதற்சங்கம் இருந்த தென்மதுரையையும், இடைச்சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்று இறையனார் அகப்பொருள் உரை உரைக்கிறது. அவற்றின் பின்னரே இன்றைய மதுரையில் கடைச்சங்கம் தோன்றியது என்பர்.

இக்கதைகளை அப்படியே வரலாறு என்று கொள்ளுதல் இயலாது. ஆயினும், கடல் நிலத்தைக் கவரும் என்பது பொய்யன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தது. அப்போது கடல்மட்டம் இன்று உள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர்ப் பனி உருகிற்று; கடல் உயர்ந்தது; கரை பின்வாங்கிற்று.

கரை தேய்வதற்குரிய காரணம் கடல்மட்டம் உயர்தல் ஒன்று மட்டும் அன்று. கடற்கரையை ஓர் இல்லத்தின் வரவு செலவுக் கணக்கோடு ஒப்பிடலாம். ஆறுகள் மலையிலிருந்து மணலைக் கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன. இது வரவு. அலைகள் அம்மணலை வாரிச் செல்கின்றன. இது செலவு. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரையில் கரை நிலைத்திருக்கும். செலவு மிகுந்தால் கரை தேயும்.

அலைகள் பெரும்பாலும் கரையை நேராக மோதுவதில்லை, சாய்வாகவே மோதுகின்றன. ஆதலின், அவை மணலைக் கரையோரமாக நகர்த்திச் செல்கின்றன. சோழமண்டலக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது தெற்கு நோக்கித் திரும்பும். இவற்றுள் வடக்கு நோக்கிச் செல்லும் மணலே மிகுதி. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் மணல் ஆறு என்றே இதனைக் கூறலாம்.

அலைகள் ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலையைப் புயல் ஓரிரவில் செய்துவிடும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் பொங்கித் தனுஷ்கோடிக்குள் புகுந்தது. வீடுகளும் இருப்புப்பாதையும் அழிந்தன. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் அவ்வூரின் கதையை இன்றும் உரைத்துக்கொண்டு நிற்கின்றன.

இவை இயற்கையின் செயல்கள். மனிதனின் செயலும் இவற்றிற்குக் குறைந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் துறைமுகம் கட்டப்பட்டது. அதன் சுவர்கள் கடலுக்குள் நீண்டு, வடக்கே செல்லும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் கரையை அரித்தது. ஓரிடத்தார் பெற்ற மணல் மற்றோரிடத்தார் இழந்த மணலேயாகும். புதுச்சேரியிலும் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தால் நகரின் மணற்கரை மறைந்தது.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரண்கள் ஆகும். சுண்ணாம்பிற்காக அப்பாறைகள் நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. அதன் விளைவாக விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. பவளங்களை எடுத்தல் பின்னர்ச் சட்டத்தால் தடுக்கப்பட்டது.

உள்நாட்டில் செய்யப்படும் செயலும் கரையைச் சென்று தாக்குகிறது. வருசநாட்டு மலையில் தோன்றும் வைகை, மதுரையைக் கடந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி, இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே பாக்கு நீரிணையை அடைகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை வயல்களுக்கு வளம் தந்தது. ஆனால், கடலுக்குச் செல்லவேண்டிய மணலும் வண்டலும் அணையில் தங்கிவிடுகின்றன. எஞ்சிய மணலையும் வீடு கட்டுவதற்காக மக்கள் அள்ளினர். மதுரையில் எழுந்த எத்தனையோ சுவர்களில் வைகை மணல் கலந்துள்ளது. தமிழகத்தின் மற்ற ஆறுகளின் நிலையும் இத்தகையதே. ஆறு தரும் வரவு குறையினும், அலை செய்யும் செலவு குறைவதில்லை.

இதனோடு புவியும் வெப்பமடைந்து வருகிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் உயர்ந்தது. 1990 முதல் 2018 வரை இந்தியக் கடற்கரையை ஆராய்ந்த அறிஞர்கள், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவதைக் கண்டனர்.

கரையைக் காக்கக் கற்களைக் குவித்துச் சுவர் எழுப்புதல் உண்டு. தூண்டில் வளைவு அமைத்தலும் உண்டு. இவை ஓரிடத்தைக் காக்கும். அரிப்போ அடுத்த ஊருக்குச் செல்லும். துறைமுகத்தால் தடைப்பட்ட மணலை எடுத்து மறுபுறம் சேர்த்தலும், மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் பேணுதலும், ஆற்று மணலை அளவறிந்து எடுத்தலும் சிறந்த வழிகளாகும்.

மதுரையில் வழங்கும் மற்றொரு கதையை இங்கு நினைத்தல் தகும். வைகை கரையை உடைத்தபோது, வீட்டிற்கு ஓராளாகக் கரையை அடைக்குமாறு பாண்டியன் ஆணையிட்டான். ஆள் இல்லாத வந்தி என்னும் மூதாட்டியின் பங்கை அடைக்க இறைவனே கூலியாளாய் வந்து, பிட்டுக்கு மண் சுமந்தான். அவன்மேல் விழுந்த பிரம்படி அனைவர் முதுகிலும் பட்டது. வேலெறிந்து கடலை வற்றச் செய்தல் கதையில் மட்டுமே இயலும். கரையில் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு பங்கு உண்டு என்பதோ இன்றும் பொருந்தும் உண்மை. ஓரிடத்தில் விழும் அடி எல்லோர்மேலும் படும். கடலைக் காணாத ஊரில் வாழ்வோர்க்கும் கடற்கரையைக் காக்கும் கடமை உண்டு.