எசுத்தரைப் பகுக்கும் நொதியங்கள்

காபொட்சிலிக்கமிலமும் மதுசாரமும் கூடப் பிறப்பது எசுத்தர். அதனை நீர்கொண்டு பகுப்பன எசுத்தரேசு என்னும் நொதியங்கள். ஒவ்வொன்றும் தனக்கேற்ற கீழ்ப்படையையே நாடும். நெய்யின் கொழுப்பை இலிப்பேசு பகுக்கும். நரம்பு தசைக்கு விடுக்கும் தூதாகிய அசற்றைல்கோலீனை அதற்குரிய எசுத்தரேசு அசற்றிக்கமிலமாகவும் கோலீனாகவும் பிரிக்கும். ஒரு மூலக்கூறு நொதியம் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தூதுகளை நீக்கவல்லது. தூது நீங்கினாலன்றித் தசை இளைப்பாறாது.

பரத்தயோன் முதலிய சேதனப் பொசுபரசுப் பூச்சிகொல்லிகளோ உடலினுட் புகுந்து, கீழ்ப்படை அமரும் இடத்தைப் பற்றிக்கொண்டு நொதியத்தை முடக்கிவிடும். தூது தேங்கத் தசைகள் துடித்துச் சோரும், மூச்சும் நின்றுவிடலாம். இதனாலன்றோ இலங்கை 1984 இற் பரத்தயோனைத் தடைசெய்தது! இவ்வகை நஞ்சு தோல்வழியும் உட்புகும். இதனைத் தோட்டத்தில் மருந்து தெளிப்போர்க்கு எடுத்துரைப்பது கற்ற மாணவர் கடன் என யாம் வற்புறுத்துகின்றோம்.