வீட்டிலிருந்தே அலுவலக கம்ப்யூட்டர்

வீட்டிலிருந்து வேலை பார்த்த அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களை முழுநேரமும் அலுவலகத்திற்கு வரவழைக்கும்படி அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று உத்தரவிட்டார். வீட்டில் அவர்கள் எப்படி வேலை பார்த்தார்கள்? அடையாள அட்டையை லேப்டாப்பில் செருகி ரகசிய எண்ணை டைப் செய்வார்கள். அடுத்து விபிஎன் இணைப்பு. இன்டர்நெட்டில் போகும் தகவலை இது சங்கேதமாக மாற்றிவிடும். இடையில் பிடித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஃபைல்கள் பெரும்பாலும் அலுவலக சர்வரிலேயே இருக்கும். எனவே கம்ப்யூட்டருக்கு வீடும் ஒன்றுதான், அலுவலகமும் ஒன்றுதான். தடை தொழில்நுட்பத்தில் இல்லை என்பேன். (இதற்கென 2010லேயே சட்டம் போட்ட நாடு அது!)

உங்களையும் அலுவலகம் திரும்ப அழைத்தால், சொந்த கம்ப்யூட்டரில் உள்ள அலுவலக ஃபைல்களை ஒப்படைத்துவிட்டு அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.