நீர் ஊடுருவும் தளம்

நீர் ஊடுருவும் தளம் என்பது, மேலே விழும் மழைநீரைத் தெருவுக்கு வழிந்தோட விடாமல், தன் இடைவெளிகள் வழியாக அடியிலுள்ள மண்ணுக்குள் இறக்கும் தள அமைப்பாகும். வீட்டு முற்றம், வாகனம் நிறுத்துமிடம், பூங்கா நடைபாதை போன்ற அதிகப் பாரம் ஏறாத இடங்களுக்கு இது ஏற்றது.

அமைப்பு

மேற்பரப்பில் இடைவெளி விட்டுப் பதித்த கற்களோ, புல் வளரும் துளைக்கற்களோ, மணல் மிகக் குறைவாகச் சேர்த்த கான்கிரீட்டோ இருக்கும். அதன் கீழே சிறு ஜல்லியும், அடியில் பெரு ஜல்லியும் பரப்பப்படும். ஜல்லிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம் தண்ணீரைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கிறது.

பேவர் பிளாக் கற்கள் பதித்த தளம் எல்லாம் இவ்வகை அல்ல. அடியில் கான்கிரீட் போட்டு, இடுக்குகளைச் சிமெண்டால் பூசினால் அது சாதாரணச் சிமெண்ட் தளமே.

கொள்ளளவு

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். 50 சதுர மீட்டர் முற்றத்தில் 40 மி.மீ. மழை என்றால் 2,000 லிட்டர். ஜல்லி அடுக்கு 30 செ.மீ. தடிமனும், அதில் 40 விழுக்காடு வெற்றிடமும் இருந்தால், 12 செ.மீ. மழை வரை அது தாங்கும். கூரை நீரையும் இதில் விட்டால் இந்த அளவு குறையும்.

தாமிரபரணிப் பகுதியில் பயன்கள்

திருநெல்வேலிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. சில வாரங்களில் கிடைக்கும் மழையை மண்ணில் இறக்கினால், கோடையில் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் உதவும். தெருவில் ஓடும் நீர் குறைவதால், எண்ணெயும் குப்பையும் வடிகால் வழியே தாமிரபரணியில் சேர்வதும் குறைகிறது. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பில், வீடுகளில் பெரும்பாலும் கூரை நீரே சேமிக்கப்படுகிறது. முற்றத்து நீருக்கு இத்தளம் வழி செய்யும்.

வரம்புகள்

இது வெள்ளத் தடுப்பு அன்று. 2023 டிசம்பர் 17, 18-இல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. மேற்சொன்ன தளத்தின் கொள்ளளவைப் போல இது ஏறத்தாழ எட்டு மடங்கு. அத்தகைய மழைக்குக் குளங்களும் கால்வாய்களும் தடையின்றி இருப்பதே தேவை.

செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் நீர் விரைவாக இறங்கும். கரிசல் மண்ணில் மெதுவாகவே இறங்குவதால், மிகுதி நீரை வெளியேற்ற அடியில் துளையிட்ட குழாய் வேண்டும். வீட்டு அடித்தளத்தை ஒட்டி நீரை இறக்கக் கூடாது.

பராமரிப்பு

மண்ணும் தூசியும் இடுக்குகளை அடைத்தால் தளம் பயனற்றுப் போகும். எனவே அடிக்கடி பெருக்குவதும், மழைக்காலத்துக்கு முன் அடைப்பை நீக்கி இடுக்குகளில் புதிய சிறு ஜல்லி நிரப்புவதும் அவசியம். கட்டுமான மணலை இதன் மேல் கொட்டக் கூடாது.