பாவையும் படலமும்

கண்ணின் உறுப்புகளுக்குத் தமிழர் இட்ட பெயர்களுள் பழமையும் அழகும் ஒருங்கே வாய்ந்தது பாவை என்பது. எதிரே நிற்பவரின் உருவம் சின்னஞ்சிறு பதுமையாய்க் கண்ணின் கருமையிலே தோன்றக் கண்டு அப்பெயரை வழங்கினர். இலத்தீன் மொழியாரும் அவ்விடத்தைச் சிறு பதுமை என்னும் பொருள்பட்ட சொல்லாலேயே அழைத்தனர். ஒன்றையொன்று அறியாத இரு மொழியினர் ஒரே காட்சியிலிருந்து ஒரே பெயரைப் பெற்றமை வியப்பன்றோ! கண்மணியிலுள்ள பாவையை விலகிப்போகச் சொல்லித் தன் காதலிக்கு அங்கே இடங்கேட்கும் தலைவன் ஒருவனைக் காமத்துப்பாலிலே காட்டுகிறார் வள்ளுவர்.

ஆயின் பாவை இருப்பது கண்மணியில் அன்று. கண்மணி என்பது பொருளே அன்று. அது ஒரு துளை. கதிராளி என்னும் நிறத்திரையின் நடுவே அமைந்த வாயில் அது. எசலப் பெரகராவின் தீப்பந்தங்களைப் பார்த்து நின்றவர் இருண்ட சந்தொன்றினுள் திரும்பினால் சிறிது நேரம் ஒன்றும் தெரியாது திகைப்பர். அவ்வேளை கதிராளி விரைந்து சுருங்கி அத்துளையை அகலத் திறக்கின்றது; விழித்திரை இருளுக்குப் பழகுதற்கோ இன்னுஞ் சில நிமிடங்கள் வேண்டும். அங்ஙனமாயின் பாவை எங்கே தோன்றுகிறது? கதிராளிக்கும் முன்னால், கண்ணின் முகப்பிலே, கைக்கடிகாரத்துக் கண்ணாடிபோல் குவிந்து நிற்கும் தெளிந்த படலமொன்றுண்டு. பாவை அதன் மேற்பரப்பிலே தெறிக்கும் நிழலே.

இப்படலத்தின் சிறப்புச் சொல்லுந்தரமன்று. நடுவிலே அரை மில்லிமீற்றர் அளவே தடித்த இது, கண்ணினுட் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் தொழிலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தானே செய்கிறது. வில்லையே எல்லாம் செய்வதாகப் பலர் எண்ணுவர். வில்லை செய்வது எஞ்சிய பங்கும், அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பத் தன் குவிவை மாற்றுதலுமே. நாற்பது வயதைக் கடந்தோருக்கு அது இறுகிவிடுவதால் நம்போன்ற பண்டிதர்கள் ஏட்டைக் கைக்கெட்டிய தொலைவிற் பிடிக்கின்றோம். முகப்புப் படலத்துக்குக் குருதிக் குழாய்கள் இல்லை. இருப்பின் ஒளி தடைப்படும். வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் கண்ணீரின் வழியே காற்றிலிருந்து பெறுகிறது.

இத்துணைத் தெளிந்த பொருளுக்கு நம் பாடநூல்களில் வழங்கும் பெயர் விழிவெண்படலம்! வெண்மை என்பது இதற்கு அடுத்துள்ள வன்கோதுப் படலத்துக்கே உரியது. "அது வெண்ணிறமானது" என்று மாணவனொருவன் விடையெழுதினால் பிழை அவனுடையதா, பெயருடையதா? தமிழகத்தார் கருவிழி என்பர். அதுவும் பொருந்தாது; கருமை பின்னாலுள்ள கதிராளிக்கும் துளைக்கும் உரியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலே மருத்துவம் கற்பித்து, 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூலையும் வெளியிட்டார். அத்தகைய முன்னோடி வாய்த்த நாட்டிலே இன்னும் பொருந்தாப் பெயரோடு உழல்வது எனக்கு உவப்பாக இல்லை. தெளிபடலம் என்றால் என்ன குறை?

இது வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் முதியோர் பலர், "என் கண்ணிலே படலம் விழுந்துவிட்டது, இனி அது யாருக்கு உதவும்?" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் படலம் வில்லை மங்குதலாகிய கண்புரை. தானத்துக்கு எடுத்துப் பொருத்துவதோ முகப்பிலுள்ள தெளிபடலம். வில்லை மங்கியவர் கண்ணிலும் அது பழுதின்றி இருக்கக்கூடும். கண்ணாடி அணிந்தவரும் கொடுக்கலாம். ஒரு சொல் இரு பொருளுக்கு நின்று மயக்குவதால், கொடுக்க மனமுள்ளோரும் கொடாது போகின்றனர்.

கண்டி நாட்டுக்குக் கண்ணைப் பற்றிய தனி மரபொன்றுண்டு. புத்தர் படிமத்தைச் செய்து முடித்த பின்னர், இறுதியாகவே கண்ணெழுதுவர். நேத்திர மங்கலம் என்பது அச்சடங்கு. சிற்பி படிமத்தை நேர்நோக்கான். முதுகு காட்டி நின்று, கண்ணாடியிலே தோன்றும் உருவைப் பார்த்து எழுதுவான். முடிந்ததும் அவன் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துவருவர். கட்டவிழ்த்ததும் முதற்பார்வை பட்ட பொருளை அவன் வெட்டியோ உடைத்தோ விடுவான். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இச்சடங்கை விரித்துரைத்துள்ளார். கண்ணெழுதும்வரை அது வெறும் உலோகமாகவே மதிக்கப்படும் என்று, கண்டி இராச்சியத்திலே பல்லாண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இலேயே எழுதினார். நம் கோயில்களிலும் கண்திறத்தல் உண்டு.

கண்ணாடி வழியே காண்பது சிற்பி ஒருவன் மட்டுமல்லன். கண்டி வாவிக் கரையிலே நின்றால், மரங்களும் மலையும் நீரிலே தலைகீழாய்த் தொங்கும். நம் விழித்திரையிலும் உலகம் அங்ஙனமே தலைகீழாக வீழ்கிறது. 1604 இல் கெப்ளர் என்னும் வானநூலறிஞர் இதனைக் கணித்துரைத்தார். அவ்வுருவை அங்குள்ள கோல்களும் கூம்புகளும் ஏற்று, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழைகளைக் கொண்ட பார்வை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. நிமிர்த்திக் காண்பது மூளையின் தொழில்.

கண்ணைக் கொடுத்தல் இவ்விரு இனத்தாருக்கும் புதிதன்று. நமக்குச் சிபி புறாவுக்காகத் தன் தசையை அரிந்தவன். பௌத்த சாதகக் கதையில் அவனே குருட்டு அந்தணனாய் வந்த சக்கனுக்கு இரு கண்களையும் ஈந்தவன். சேக்கிழார் பாடிய கண்ணப்பரை நான் சொல்லவேண்டுவதில்லை. 1958 இல், மருத்துவ மாணவராயிருந்த ஹட்சன் சில்வா பத்திரிகைக் கட்டுரையொன்றின் மூலம் இறந்தபின் கண் கொடுக்கும்படி மக்களை வேண்டினார். தம் தாயார் மறைந்தபோது அவர் கண்ணையே எடுத்தளித்தார். 1961 இல் இலங்கைக் கண்தான சங்கம் தோன்றியது. 1964 இல் பனிக்கட்டியிட்ட தேர்மோஸ் குடுவையிலே முதன்முதல் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. இன்றுவரை ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டினர் இத்தீவின் தெளிபடலத்தினூடே ஒளி பெற்றுள்ளனர்.

பிறர் உறுப்பைப் பெரும்பாலும் உடல் எதிர்த்துத் தள்ளும். இப்படலத்தைக் குருதிக் குழாய் இன்மையாலே அவ்வளவு தள்ளுவதில்லை. 1905 இலேயே சிர்ம் என்னும் மருத்துவர் மனிதருக்கு வெற்றியாய்ப் பொருத்திக் காட்டினார். உயிர் பிரிந்த சில மணி நேரத்துள் எடுத்தல் வேண்டும். எடுத்தபின் இமைகளை மூடிவிடுவர். பார்ப்போருக்கு முகத்திலே வேறுபாடொன்றும் தோன்றாது.