சிவில் கேஸா? வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்!

அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிரயம் செய்து தர மறுப்பவர், வரப்பைத் தள்ளிப் போட்ட பக்கத்து நிலத்துக்காரர்... பிரச்னை எதுவானாலும், தெரிந்தவர் கைகாட்டிய வக்கீலிடம் போய் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் பலர். மாப்பிள்ளை பார்க்க பத்து இடத்தில் விசாரிக்கும் குடும்பங்கள்கூட, வீட்டுப் பத்திரத்தை ஒப்படைக்கும்போது எதுவும் விசாரிப்பதில்லை.

எல்லோருக்கும் ஒரே லைசென்ஸ்தான்!

பிளஸ் டூவுக்குப் பிறகு 5 ஆண்டுகள் அல்லது டிகிரிக்குப் பிறகு 3 ஆண்டுகள் சட்டப் படிப்பு, மாநில பார் கவுன்சிலில் பதிவு. 2009-10 கல்வியாண்டு முதல் படிப்பை முடித்தவர்கள் அகில இந்திய பார் தேர்விலும் தேர்ச்சி பெற வேண்டும். ஆனால், 'சிவில் வக்கீல்', 'கிரிமினல் வக்கீல்' என்று தனித்தனி லைசென்ஸ் கிடையாது. ஜூனியராக இருந்த ஆபீஸில் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வரி வரியாகப் படித்து, பிராது எழுதி, சாட்சிகளைத் தயார் செய்து பழகிய அனுபவம்தான் ஒருவரை சிவில் வக்கீலாக்குகிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யவும் பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. யாரிடம் ஜூனியராக இருந்தீர்கள்?

எத்தனை வருடம், எந்த மாதிரி வழக்குகள் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் ஜாமீன் மனுக்களே பார்த்தவருக்கு, 40 வருடப் பத்திரத் தொடரில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது சிரமம்.

2. இதே மாதிரி கேஸை எதுவரை நடத்தியிருக்கிறீர்கள்?

இடைக்காலத் தடை வாங்குவது தொடக்கம் மட்டுமே. குறுக்கு விசாரணை, தீர்ப்பு, அப்பீல் எனப் பல கட்டங்கள் உண்டு. ஜெயித்த பிறகும் எதிர்த்தரப்பு இடத்தைவிட்டு நகராவிட்டால், நிறைவேற்று மனு போட வேண்டும். அதிலும் அனுபவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. என் கேஸுக்குக் கடைசித் தேதி எது?

இதுதான் முக்கியமான கேள்வி. கிரய ஒப்பந்தப்படி பத்திரம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். தேதி குறிக்கவில்லை என்றால், எதிர்த்தரப்பு மறுப்பது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். அதைத் தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வழக்கு நிற்காது. உங்கள்மீது வழக்கு வந்திருந்தால், சம்மன் கிடைத்த 30 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொன்னால் 90 நாள்கள் வரை கோர்ட் அனுமதிக்கலாம். ஆவணங்களைப் பார்த்ததும் இந்தத் தேதியைக் கணக்குப் போடுபவரே அனுபவசாலி.

4. கோர்ட்டில் ஆஜராகப்போவது யார்?

பெரிய ஆபீஸ்களில் வாய்தா அன்று ஜூனியர் வருவது சகஜம். அதில் தவறில்லை. ஆனால், குறுக்கு விசாரணையை யார் செய்வார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

5. ஃபீஸ் எப்படி?

வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், இதர செலவு எனப் பிரித்துக் கேட்டு, ரசீது வாங்குங்கள். 'ஜெயித்தால் நிலத்தில் பங்கு' என்று யாராவது பேசினால் உஷார்! அப்படி ஒப்பந்தம் போட பார் கவுன்சில் விதிகளில் தடை இருக்கிறது.

சொன்னது சரியா என்று பார்ப்பது எப்படி?

'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பில் வக்கீலின் பெயரைப் போட்டுத் தேடினால், அவர் நடத்தும் வழக்குகள் தெரியும். அதே பெயரில் பலர் இருக்கலாம் என்பதால், பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த ஆண்டும் அந்த எண்ணிலேயே இருக்கும்.

முதல் சந்திப்பில் ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தால் போதும். ஒரிஜினலைத் தரும்போது பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கியைக் காரணம் காட்டி கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபீஸ் கொடுக்க வசதியில்லையா? பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை நியமித்துத் தரும். அழைக்க வேண்டிய எண்: 15100.