270-இல் ஒன்று: விண்வெளி வீரரின் வீட்டாரிடம் யார் சொல்வது?

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு விண்வெளி என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் வீரமுத்துவேல். ரயில்வே ஊழியரின் மகனாகப் பிறந்து, விழுப்புரத்தில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, படிப்படியாக உயர்ந்து சந்திரயான்-3 திட்ட இயக்குநரானவர். 2023 ஆகஸ்ட் 23 மாலை விக்ரம் கலம் நிலவில் கால் ஊன்றியதைத் திண்டிவனமும் வானூரும் சொந்த வீட்டு விசேஷமாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் அந்த வெற்றிக்கு அடித்தளம் ஒரு தோல்வி. 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2 இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கியது. எங்கே பிசகியது என்று பிரித்துப் பார்த்து, எதெல்லாம் பழுதாகலாம் என்று முதலில் பட்டியல் போட்டு, அத்தனையும் பழுதானாலும் கலம் தப்பிக்கும்படி அடுத்ததை வடிவமைத்தார்கள். நான்கு ஆண்டுகள் பிடித்தன. போனது ஒரு கருவி என்பதால் அந்த நான்கு ஆண்டுகளை நாம் பொறுமையாகச் செலவழிக்க முடிந்தது.

ககன்யானில் அந்த வசதி கிடையாது. இந்திய மண்ணிலிருந்து, இந்திய ராக்கெட்டில், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துக்கு மனிதர்களை அனுப்பி மீட்கும் திட்டம் இது. 2018 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டபோது சொன்ன கெடு 2022. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா என்று பயிற்சி பெறும் நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்கள் 2024 பிப்ரவரியில்தான் வெளியாயின. கெடு பலமுறை தள்ளிப்போய்விட்டது. தாமதத்தைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. என் கணக்கில் இந்தத் திட்டத்தில் நடந்த நல்ல காரியங்களில் அந்தத் தாமதமும் ஒன்று. நான் இங்கே கேட்க வருவது வேறு. இந்தப் பயணத்தில் உயிராபத்து எவ்வளவு, அதை யார் கணக்கிடுகிறார்கள், ஏறுகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் அந்தக் கணக்கு முழுசாகப் போய்ச் சேருகிறதா?

முதலில் எண். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் தனியார் கலங்களுக்கு நாசா விதித்த வரம்பு: 210 நாள் பயணம் முழுவதையும் சேர்த்து, பயணிகள் உயிரிழக்கும் வாய்ப்பு 270-இல் ஒன்றுக்கு மிகக்கூடாது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ஓடும் ஒரு பேருந்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு ஒன்பது நடை போனால் மாதத்துக்கு 270 நடை. அதாவது, மாதம் ஒருமுறை அந்தப் பேருந்தில் இருக்கும் எல்லோரும் சாவார்கள். இதுதான் இன்றைய நவீன விண்கலத்துக்கான இலக்கு. நாசாவின் பழைய ஸ்பேஸ் ஷட்டில் 30 ஆண்டுகளில் பறந்தது 135 முறை. இரண்டு முறை ஆட்களோடு அழிந்தது. 14 பேர் இறந்தார்கள். அதே பேருந்துக் கணக்கில் எட்டு நாளுக்கு ஒரு விபத்து.

நம்முடைய எல்.வி.எம்.3 ராக்கெட் நம்பகமானதாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். 2014 டிசம்பர் சோதனைப் பயணம் தொடங்கி 2025 முடிய, சந்திரயான் இரண்டும் உட்பட, ஒன்பது முறை ஏறியது, ஒருமுறையும் கைவிடவில்லை. ஆனால் ஒன்பது என்பது சின்ன எண். பத்தில் ஒருமுறை பழுதாகக்கூடிய ராக்கெட்கூட, அதிர்ஷ்டம் இருந்தால், தொடர்ந்து ஒன்பது முறை வெல்ல நூற்றுக்கு 38-க்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஒன்பது வெற்றியை வைத்து 'இது 270-இல் ஒன்று ராக்கெட்' என்று யாரும் நிரூபித்துவிட முடியாது. மகேந்திரகிரியில் விகாஸ் இன்ஜினையும் கிரையோஜெனிக் இன்ஜினையும் திரும்பத் திரும்ப எரித்துப் பார்ப்பதும், ராக்கெட் தலையில் ஒரு தப்பிக்கும் கோபுரத்தை வைப்பதும் இதனால்தான். ராக்கெட் வெடிக்கப் போகிறது என்றால், ஆட்கள் இருக்கும் கூட்டை மட்டும் பிய்த்து இழுத்துக்கொண்டு பறந்துவிடும் சிறு ராக்கெட் தொகுதி அது. ஷட்டிலில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அந்தக் கோபுரத்தின் அருமை தெரிய ஒரு இந்தியக் கதையே இருக்கிறது. 1983 செப்டம்பர் 26 இரவு, பைக்கனூரில் சோயுஸ் ராக்கெட் கிளம்ப ஒன்றரை நிமிடம் இருக்கும்போது அடியில் தீப்பிடித்தது. எச்சரிக்கை போகவேண்டிய கம்பிகளையே தீ தின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோ வழியாகக் கட்டளை போய்த் தப்பிக்கும் கோபுரம் இயங்கிய சில நொடிகளில் ஏவுதளமே வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்த டிட்டோவும் ஸ்ட்ரெகலோவும் உடல் எடை பதினான்கு மடங்குக்கும் மேல் அழுத்த, நான்கு கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள். சோவியத் அரசு அந்த விபத்தை அப்போது உலகறிய அறிவிக்கவில்லை. ஆறே மாதம் கழித்து, 1984 ஏப்ரல் 3 அன்று, அதே ஸ்ட்ரெகலோவ் சோயுஸ் டி-11 இல் மறுபடி ஏறினார். அதே கலத்தில் ராகேஷ் சர்மாவும் இருந்தார். நாடு முழுக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கொண்டாடியபோது, அந்த வகை ராக்கெட் அரை ஆண்டுக்கு முன் என்ன செய்தது என்று இந்திய வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஆபத்தைவிட, ஆபத்தைப் பற்றிய பொய்த் தெம்புதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது என்பதே என் வாதம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் 73 நொடியில் சிதறியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார். ஷட்டில் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், இன்ஜினைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் நூற்றில் ஒன்று என்றார்கள். மேலிடத்து நிர்வாகிகள் லட்சத்தில் ஒன்று என்றார்கள். ஒரே கலம், ஒரே நிறுவனம், ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஏவுதலுக்கு முந்தின இரவே, குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்து இறுக்கம் போய்விடும், ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் கம்பெனியின் பொறியாளர்கள் மன்றாடியிருந்தார்கள். அது தொலைவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்த ஏழு பேருக்கும் தெரியாது.

கல்பனா சாவ்லாவின் சாவு இன்னும் நெஞ்சை அறுக்கும். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பிய 82-ஆவது நொடியில், வெளித் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. தெர்மாகோல் மாதிரி லேசான பொருள்தான், ஆனால் மோதிய வேகம் அப்படி. இறக்கையைப் படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டது மேலே போகவில்லை. நுரை பெயர்வது முன்பே பல பயணங்களில் நடந்திருந்ததால் அது பழக்கப்பட்ட விஷயமாகிவிட்டிருந்தது. ஜனவரி 23 அன்று கலத்தின் தலைவருக்கும் விமானிக்கும் தரையிலிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. அதன் சாரம்: கவலைப்பட ஒன்றுமில்லை, நிருபர் யாராவது கேட்டால் நீங்கள் திடுக்கிடக்கூடாது என்பதற்காக மட்டும் சொல்கிறோம். பிப்ரவரி 1 அன்று, தரைதொட 16 நிமிடம் இருக்கையில், இறக்கை ஓட்டை வழியாக நெருப்புக் காற்று புகுந்து கலம் சிதறியது. குடும்பங்கள் ஃபுளோரிடாவில் ஓடுபாதை அருகே காத்திருந்தன.

ஒன்றும் செய்ய முடியாது என்றால் சொல்லி என்ன பயன், நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற பேச்சு அன்று நாசாவிலேயே நடந்ததாக, அப்போது அங்கே அதிகாரியாக இருந்த வெய்ன் ஹேல் பிற்பாடு எழுதியிருக்கிறார். தீராத நோயை நோயாளியிடம் மறைக்கும் நம்மூர்ப் பழக்கத்தை நினைவூட்டும் கருணை அது. ஆனால் விசாரணைக் குழு இன்னொன்றையும் சொன்னது: முதல் சில நாளிலேயே சேதம் தெரிந்திருந்தால், தயாராகிக் கொண்டிருந்த அட்லாண்டிஸ் கலத்தை அவசரமாக அனுப்பி மீட்க முயன்றிருக்கலாம், கடினம், ஆனால் முடியாதது அல்ல. மறைத்த கருணை அந்த ஒரு வாய்ப்பையும் மூடிவிட்டது. தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று துணிவுக்காகப் பெண்களுக்கு வழங்கும் விருதுக்குக் கல்பனா சாவ்லாவின் பெயர்தான். பொருத்தமான பெயர். அவருடைய துணிவில் குறை இல்லை. குறை, கூட்ட அறையில் இருந்தவர்களின் மௌனத்தில் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். இவர்கள் படைவீரர்கள், சோதனை விமானிகள். சாவைத் தெரிந்தேதானே வருகிறார்கள், எல்லையில் நிற்கும் ஜவானின் வீட்டாருக்கு என்ன கணக்கு காட்டுகிறோம்? நியாயமான கேள்விதான். ஆனால் எதிரியின் குண்டு எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் வளையத்தின் பலவீனம் ஒருவருக்குத் தெரிந்திருந்தது, இன்னொருவருக்குச் சொல்லப்படவில்லை. தெரிந்த ஆபத்தை மறைத்துவிட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், விளைவைச் சுமக்கிறவர்கள் பலர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பல்லோ-11 வீரர்களுக்குக் கட்டுப்படியாகும் ஆயுள் காப்பீடு கிடைக்கவில்லை. அவர்கள் அஞ்சல் உறைகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வராவிட்டால் மனைவி மக்கள் அவற்றை விற்றுப் பிழைக்கட்டும் என்று! நிலவுக்கே ஆள் அனுப்பிய நாட்டில், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வழி இதுதான். 1967-இல் அப்பல்லோ-1 தீயில் இறந்த கஸ் கிரிஸமின் மனைவி பெட்டி, கலம் கட்டிய கம்பெனி மீது வழக்குப் போட்டுத்தான் மூன்றரை லட்சம் டாலர் பெற்றார். கொலம்பியா குடும்பங்களுக்கு நாசா 2.66 கோடி டாலர் கொடுத்தது. இழப்பீடு மனிதாபிமானத்தைவிட வழக்கறிஞரின் திறமையைப் பொறுத்து அமைந்த காலங்கள் அவை.

இந்தியாவில் நிலைமை என்ன? விண்கலம் ஏற்படுத்தும் சேதத்துக்கு நாடுகளைப் பொறுப்பாக்கும் 1972 ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையில் நாமும் இருக்கிறோம். ஆனால் அதன் ஏழாம் பிரிவு, ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு அது பொருந்தாது என்கிறது. இந்திய ராக்கெட்டில் ஏறும் இந்தியரின் குடும்பம் அதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. உள்நாட்டுச் சட்டம்தான் காக்க வேண்டும்; விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு 2017-இலேயே வெளியானது, இன்னும் சட்டமாகவில்லை. ராக்கெட் வேலையின் ஆபத்து வானத்தில் மட்டும் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் வெடித்து ஆறு பேர் தரையிலேயே இறந்தார்கள். அவர்கள் பெயரில் விருது கிடையாது.

இன்னொரு மறுப்பு: குறைகளை ஊரறியச் சொன்னால் நாட்டின் நம்பிக்கை குலையும், ரகசியம் கசியும். சேலஞ்சர், கொலம்பியா விசாரணை அறிக்கைகள் இரண்டையும் இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் நாசாவின் கடை மூடிவிடவில்லை. 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி. தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டி வால்வில் கசிவு என்று இஸ்ரோவே காரணத்தை வெளியிட்டது. அந்த நல்ல வழக்கம் 2025 மே 18-இல் தோற்ற பி.எஸ்.எல்.வி.-சி61 விஷயத்தில் தொடரவில்லை. மூன்றாம் கட்டத்தில் பழுது என்பதற்கு மேல் விரிவான அறிக்கை மக்கள் பார்வைக்கு வராமலே, 2026 ஜனவரி 12 அன்று சி62 ஏவப்பட்டது. அதிலும் மூன்றாம் கட்டத்தில்தான் கோளாறு. ககன்யானின் ராக்கெட் வேறு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிறுவனம் ஒன்றுதான், அதன் பழக்கங்களும் ஒன்றுதான்.

'வேண்டாம், நிறுத்து' என்று சொல்லும் தைரியமும் இஸ்ரோவிடம் இருக்கிறது. அதையும் பதிவு செய்யாவிட்டால் அநியாயம். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் தப்பிக்கும் அமைப்பின் முதல் பறக்கும் சோதனை, ஏவ ஐந்து நொடி இருக்கும்போது கணினியால் நிறுத்தப்பட்டது. காரணம் கண்டு சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள், வெற்றி. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அமெரிக்க ராக்கெட்டில் கிளம்ப இருந்தபோது திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. முழுசாகச் சரிசெய்து சோதித்த பிறகுதான் ஏவ வேண்டும் என்று இஸ்ரோ குழு வற்புறுத்தியதாக, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான தலைவர் நாராயணன் பின்னர் பொதுவெளியில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, ராக்கெட் நல்லபடியாகக் கிளம்பியது. சுனிதா வில்லியம்ஸ் கதையும் இதுதான். எட்டு நாள் வேலைக்குப் போனவர் 286 நாள் தங்கினார். ஸ்டார்லைனர் கலத்தில் உந்து அமைப்புக் கோளாறு வர, நாசா அதை ஆளில்லாமல் இறக்கியது. அது 2024 செப்டம்பரில் சேதமில்லாமல் தரையிறங்கியதும், பார்த்தீர்களா, வீண் பயம் என்றார்கள் சிலர். முடிவெடுத்த அன்று கையில் இருந்த தகவலை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும். பின்னால் தெரிந்த பலனை வைத்து அல்ல. நுரைத் துண்டுகளிடமிருந்து அதிர்ஷ்டத்தால் பிழைத்ததை வெற்றியாக எண்ணியதால்தானே கொலம்பியா போனது?

மனிதர் போகாமலே நிலவில் இறங்கிக் காட்டினாரே வீரமுத்துவேல், பிறகு எதற்கு இந்த ஆபத்து என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மூன்று நாள் பயணத்தில் கிடைக்கும் அறிவியல் குறைவு. தேசத்தின் ஆசையும் திறமை வளர்ப்பும்தான் நிஜக் காரணங்கள். அவை மதிப்புள்ளவை என்றே நினைக்கிறேன். ஆசை நம் எல்லோருடையது, உயிர் இரண்டு மூன்று பேருடையது என்பதால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். முதலில் போகப்போவது 'வியோமித்ரா' என்ற இயந்திரப் பெண். அந்த ஆளில்லாப் பயணங்களில் கண்ட ஒவ்வொரு கோளாறும், உயிராபத்து வாய்ப்பு இப்போது எவ்வளவு என்ற மதிப்பீடும், அதைப் போட்ட பொறியாளர்களின் மாற்றுக் கருத்துகளும், மனிதர் ஏறுவதற்கு முன் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். இஸ்ரோவுக்குக் கட்டுப்படாத ஒரு தனிக் குழு அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். வீரரின் மனைவியோ கணவரோ பெற்றோரோ அந்தக் குழுவிடம் நேராகக் கேள்வி கேட்கலாம் என்பதையும், இழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன, எத்தனை நாளுக்குள் என்பதையும், கிடப்பில் இருக்கும் அந்த மசோதாவில் இப்போதே எழுதிச் சேர்க்கலாம்.